கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கிய இரயில்

நெமிலிவாசிகள் இரயிலேற வேண்டுமானால் அரக்கோணத்திற்குச் செல்வதே வழக்கம். சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டு என நான்கு திசைகளுக்கும் இருப்புப் பாதைகள் பிரிகின்ற சந்திப்பு அது. சிறு வயதில் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு நின்று, வண்டிகள் வருவதையும் போவதையும் பார்ப்பதற்காகவே பெருநாள் விடுமுறையை எதிர்பார்த்திருப்பேன். ஆயினும், கைக்கெட்டும் தூரத்தில் நின்று நான் உற்றுப் பார்த்த முதல் இரயில் இன்ஜின் அரக்கோணத்தில் இருந்ததன்று. ஆம்பூரில் என் தாய்மாமாவின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரியின் மூன்றாவது தட்டில் இருந்தது அது. அதன் நீளம் ஒரு சாண்.

மாமா தோல் வணிகர். நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வணிகர்கள் பலரையும் போல அவரும் ஜெர்மனியில் ஆஃபன்பாக் நகரத்தில் நடைபெறும் தோற்பொருள் கண்காட்சிக்குப் போய் வருவார். போகும்போது பெட்டி நிறையத் தோல் மாதிரிகள்; திரும்பும்போது, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிய ஒரு மெர்க்லின் அட்டைப்பெட்டி. ஒரு பயணத்தில் இன்ஜின், அடுத்ததில் பயணிகள் பெட்டி, பின்னொரு முறை எண்ணெய் டாங்கி என்று ஆண்டுக்கு ஆண்டு அந்த அலமாரி நிறைந்தது. ஆனால் ஒருநாளும் அவற்றை அவர் ஓட்டிக் காட்டியதில்லை. பிள்ளைகள் நாங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம். "பாருங்க, கை வைக்காதீங்க. கை பட்டா விலை போயிடும்" என்பார் மாமா. அலமாரியின் சாவி அவருடைய இடுப்பு பெல்ட்டிலேயே தொங்கும்.

1994இல் அவர் வஃபாத்தானார். பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் தொழில் அமைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் இருந்தவை காயலான்கடைக்குப் போயின. துத்தநாகக் கலவையில் வார்த்த கனமான பொருள்கள் அல்லவா! எடை நன்றாக நின்றதாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு காலச் சேகரிப்பு, தராசுத் தட்டில் சில நிமிடங்களில் முடிந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பெட்டிகள் எதற்கு, எப்படி ஓடும், எதனுடன் எது சேரும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கேனும் மாமா சொல்லிக் கொடுத்திருந்தால் அல்லவா அவர்கள் அறிந்திருப்பார்கள்! பல ஆண்டுகளுக்குப் பின், மாமியின் தையல் பெட்டிக்குள் நூற்கண்டுகளுக்கு இடையே ஒரே ஒரு சரக்குப் பெட்டி மட்டும் கிடைத்தது. அதை மாமி என்னிடம் கொடுத்தார்கள்.

மாமா சேர்த்த மெர்க்லின் எத்தகைய நிறுவனம் என்பதை நான் பின்னரே அறிந்தேன். ஜெர்மனியின் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859இல், பெண் குழந்தைகள் விளையாடும் தகரச் சமையல் சாமான்கள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட குடும்பத் தொழில் அது. 1891இல் லைப்சிக் சந்தையில், எட்டு என்ற எண்ணின் வடிவில் அமைந்த தண்டவாளத்தில் சாவி கொடுத்தால் ஓடும் இரயிலை அந்நிறுவனம் காட்சிக்கு வைத்தது. அதனினும் பெரிய காரியம் ஒன்றையும் அது செய்தது: தண்டவாளத்தின் அகலங்களை முறைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டது. இவ்வாண்டு வாங்கிய இன்ஜினுக்கு அடுத்த ஆண்டு வாங்கும் பெட்டி பொருந்தும் என்ற உறுதி அப்போதுதான் பிறந்தது. விளையாட்டுப் பொருள் சேகரிப்புப் பொருளாக மாறியதும் அந்த உறுதியினால்தான். 1935இல் மேசைமேல் ஓடும் சிறிய மின்சார இரயிலை வெளியிட்ட அந்நிறுவனம், 2009இல், தன் 150ஆம் ஆண்டில், கடன் சுமையால் திவால் மனு கொடுத்து, பின்னர் மீண்டெழுந்தது. சேர்ப்பவர்களின் பிள்ளைகள் அதே ஆர்வத்தோடு தொடராவிட்டால் தயாரிப்பவர்களுக்கும் நெருக்கடிதான்.

புனேயில் ஒரு பெரியவர்

2016இல் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றிற்காகப் புனே சென்றிருந்தேன். அங்கு கோத்ருட் பகுதியில் சிறு இரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். பாவ் ஜோஷி என்று மக்கள் அன்போடு அழைத்த மராட்டியப் பெரியவர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு அது.

ஜோஷி பொறியியல் கருவிகள் செய்யும் தொழில் நடத்தியவர். இரயில் மாதிரிகளின் மீது கொண்ட காதலால் சேர்த்தவற்றையும் செய்தவற்றையும் அவர் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. 1982இல் புனேயின் பள்ளிக்கூடம் ஒன்றில் மாணவர்களும் பெற்றோரும் காணும்படி விரித்து, ஓட்டிக் காட்டினார். பின்னர் அதை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்க் கண்காட்சிகள் நடத்தினார். ஒவ்வொரு முறையும் பிரித்து, ஏற்றி, இறக்கி, மீண்டும் கூட்டும் வேலை எத்தகையது என்பது, ஒரு பழைய மரக்கட்டிலைப் பிரித்து வேறு வீட்டிற்குக் கொண்டுபோய்க் கூட்டியவர்களுக்குத் தெரியும். கட்டிலில் நான்கு கால்கள். இதிலோ நூற்றுக்கணக்கான கம்பி இணைப்புகள். ஆகவே நிலையான ஓர் இடத்தில் ஒரு சிறு நகரத்தையே கட்டிவிடுவதென்று முடிவு செய்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1998 ஏப்ரல் முதல் நாள் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்.

அங்கு 65 சைகைக் கம்பங்கள் உள்ளன. மேம்பாலங்களும், வேலிகளும், விளக்குக் கம்பங்களும் உள்ளன. ஒரு வண்டி ஒரு பகுதியைக் கடந்து போன பிறகே அடுத்த வண்டிக்குச் சைகை விழுகிறது. எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றிலிருந்து இயக்குகிறார்கள். என் பேரன் இரயில்களைப் பார்த்தான்; நானோ, அங்கிருந்தவர்கள் விளக்கம் சொன்ன முறையைப் பார்த்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஜோஷி மறைந்த பின்னரும் அவருடைய குடும்பத்தார் அதை நடத்தி வருகிறார்கள். மாமாவின் வீட்டில் இருந்த பொருளும் ஏறத்தாழ இதுதான். அங்கு அது எடைக்குப் போயிற்று. இங்கு அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உலகத்தின் மிகப் பெரிய சிறு இரயில் நகரமும் இதைப் போன்றதொரு குடும்பக் கதைதான். 2000ஆம் ஆண்டு கோடையில் ஃபிரெடெரிக் பிரவுன் என்பவர் ஸுரிச் நகரத்தில் ஒரு மாதிரி இரயில் கடையைப் பார்த்தார். உடனே ஹாம்பர்க்கில் இருந்த தம் இரட்டைச் சகோதரர் கெரிட்டைத் தொலைபேசியில் அழைத்துத் தம் எண்ணத்தைச் சொன்னார். 2001 ஆகஸ்டு 16ஆம் நாள் ஹாம்பர்க் துறைமுகத்தின் பழைய கிடங்குகளுள் ஒன்றில் 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' திறக்கப்பட்டது. இன்று அங்குள்ள தண்டவாளத்தின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இரயில்கள் ஆயிரத்துக்கும் மேல். 2011இல் அதற்குள் ஒரு விமான நிலையத்தையும் கட்டி, விமானங்கள் ஓடுபாதையில் ஓடி மேலெழும்படியும் செய்துவிட்டார்கள். அது பெரும் வணிகம். நமக்கு எட்டாத உயரம். நம் வீட்டு மாடி அறைக்கு ஏற்ற பாடம் புனேயில்தான் இருக்கிறது.

எண்பத்தேழில் ஒரு பங்கு

வீட்டில் அமைப்பவர்களுள் மிகுதியானோர் கையாளும் அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. உண்மையான இரயிலின் 87இல் ஒரு பங்கு. உலகின் பல நாடுகளில் இரயில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் இதுவே.

இங்குதான் இந்தியருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை. ஆகையால் நம் நாட்டு இன்ஜினை எத்தனை நுட்பமாகச் செய்தாலும், குறுகிய தண்டவாளத்தின் மீது, காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பவரைப் போலவே அது நிற்கும். சிலர் தண்டவாளத்தையும் தாமே செய்கிறார்கள். பெரும்பாலோர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். நான் இரண்டாம் வகை. மூன்று மில்லிமீட்டருக்காக வாழ்நாளைச் செலவிட என்னால் இயலாது.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான பழைய நீல நிறப் பெட்டி, இந்த அளவில் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் வரும். 24 பெட்டிகள் கொண்ட முழு விரைவு வண்டியோ ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு கூடத்தின் நீளத்தையும் அது மீறிவிடும்! 1856 ஜூலை முதல் நாள் தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் ஓடியது, நம் பகுதி வழியாகத்தான். இராயபுரத்திலிருந்து அரக்கோணம் கடந்து வாலாஜா ரோடு வரைக்கும். சுமார் 100 கிலோமீட்டர் கொண்ட அந்தப் பாதையை உள்ளபடியே அளவு குறைத்து அமைப்பதானால் 1150 மீட்டர் தண்டவாளம் வேண்டும். ஆகையால் எதை அமைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே இக்கலையின் முதல் பாடம். ஐந்து பெட்டிகள், ஒரு சிறு நிலையம், ஒரு பாலம் போதும்.

வளைவை இறுக்கமாக வைத்தால் நீண்ட பெட்டிகள் தடம் புரளும். 45 சென்டிமீட்டர் ஆரத்திற்குக் குறையாமல் வைப்பது நல்லது. ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போக வேண்டுமானால் இடையே எட்டு சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் ஏற்றம் என்று வைத்தால், அந்த உயரத்தை எட்டுவதற்கே இரண்டரை மீட்டருக்கும் மேல் பாதை தேவை. இதை எண்ணாமல் பாலத்தை முதலில் ஒட்டிவிட்டு, இன்ஜின் ஏற மறுத்துச் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்பதைப் பார்த்து வருந்தியவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன்.

மின்சாரம் 12 வோல்ட். ஆகவே பிள்ளைகளுக்கு அச்சமில்லை. இரு தண்டவாளங்களும் இரு கம்பிகளாக வேலை செய்கின்றன. அதனால், ஒரு பாதை சுற்றி வளைந்து தன்னுடனேயே வந்து சேருமானால் வலது தண்டவாளம் இடதைத் தொட்டு மின் கசிவு ஏற்படும். அவ்விடத்தில் பாதையைத் துண்டித்துத் தனி மின் தொடர்பு கொடுக்க வேண்டும். பாதை நீண்டால் மின்சாரம் குன்றி இன்ஜின் தள்ளாடும். ஆகவே இரண்டு மீட்டருக்கு ஒரு கம்பி கீழிருந்து மேலே வர வேண்டும். வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் சித்திரை வெயிலோ தனிக்கதை. தகரக் கூரையின் கீழ் அமைத்தால் பிளாஸ்டிக் கட்டடங்கள் நெளிந்துவிடும். தண்டவாள இணைப்புகளில் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விடாவிட்டால் பாதையே மேலெழும்பும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து உப்பும். பலகையின் அடிப்பக்கத்திற்கும் வண்ணம் பூசுங்கள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அகலத்தைப் பற்றிப் பேசியபோது ஒன்று சொல்லாமல் விட்டேன். இந்த அளவில் மீட்டர் பாதை இரயில்களுக்கென 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளமும் விற்பனையில் உண்டு. உதகை மலை இரயில் அமைக்க விரும்புவோர் அதை நாடுவர். நம் உள்ளங்களுக்கு மிக நெருக்கமான வேறோர் இரயிலும் அதில் கச்சிதமாக அமரும். சுல்தான் அப்துல் ஹமீதின் ஆணையின் பேரில் 1900இல் தொடங்கப்பட்டு, 1908இல் டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வராவை அடைந்த ஹிஜாஸ் இரயில்! அதன் அகலம் 1050 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 12.07 வரும். மயிரிழை பிசகில்லை. சுமார் 1300 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்கு உலக முஸ்லிம்கள் நன்கொடை அளித்தார்கள். இந்திய முஸ்லிம்களும் அனுப்பினார்கள். ஹாஜிகளின் வழியைச் சுருக்குவதற்காக அமைந்த அந்தப் பாதை, முதல் உலகப் போரில் தகர்க்கப்பட்டது. மதீனாவின் பழைய நிலையக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. உம்ரா செல்வோர் ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம். அந்நிலையத்தைச் சிறிதாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாலைவனம் என்பதால் மரம் செய்யும் வேலை மிச்சம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீண் விரயமா?

"இது வீண் செலவல்லவா?" என்று பள்ளிவாசல் திண்ணையில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வீண் விரயத்தைத் திருக்குர்ஆன் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஐரோப்பிய இன்ஜின் ஒன்றின் விலையிலோ நல்ல தையல் இயந்திரம் ஒன்று வாங்கலாம். (இப்படிக் கேட்டவர்களுள் சிலரின் வீட்டு வலிமா விருந்தில் எத்தனை தட்டு பிரியாணி குப்பைக்குப் போனது என்பதை நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.) அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவானவை. எந்திர மாதிரிகள் செய்வது நமக்குப் புதிய கலையுமன்று. அல்ஜஸரீ தம்முடைய எந்திரங்களைப் பற்றிய நூலை 1206இல் எழுதி முடித்தார். மனித உருவங்களை வைக்கலாமா என்ற வினாவிற்கு அவரவர் தம் ஊர் உலமாக்களிடம் விளக்கம் பெறுவதே முறை. எங்கள் நிலையத்தில் மனிதர் எவருமில்லை. வண்டி போன பிறகான அமைதி என்று பேத்தி சொல்கிறாள்.

செலவு எங்கே வீணாகிறது என்பதை நான் மாமாவின் அலமாரியில் கண்டிருக்கிறேன். ஆகவே புனேயிலிருந்து திரும்பியதும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம்: இன்ஜினும் தண்டவாளமும் மட்டுமே காசு கொடுத்து வாங்குவது, மற்றதெல்லாம் கையால் செய்வது. எட்டடிக்கு நான்கடி பிளைவுட் ஒன்று. அதுவும் மாடிப்படியில் ஏறாமல் இரண்டாக அறுக்க வேண்டியதாயிற்று. தண்டவாளத்தின் கீழ்க் கொட்டும் ஜல்லிக்குக் கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டைத் தேயிலை வடிகட்டியில் சலித்தோம். உண்மையான 50 மில்லிமீட்டர் ஜல்லி எங்கள் அளவில் அரை மில்லிமீட்டர்தான். அதைப் பசையிட்டு நிறுத்துவதில் இரண்டு மாதம் திணறினோம். பேத்திதான் வழி கண்டுபிடித்தாள். மருதாணிக் கூம்பில் பசையை நிரப்பித் தண்டவாளத்தின் ஓரமாகக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். பெருநாள் இரவுகளில் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் மருதாணி இட்ட கை. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. நிலையத்தின் கூரைக்கு, ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை பார்க்கும் எங்கள் அண்டை வீட்டு இளைஞர் கைகொடுத்தார். தோலை அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டிப் பழகிய கைக்கு அட்டையில் ஓடு வெட்டுவது பெரிய வேலையா? ஒரே மாலையில் முந்நூறு ஓடுகள் வெட்டித் தந்துவிட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போனார்.

மாமியின் தையல் பெட்டியில் கிடைத்த அந்தச் சரக்குப் பெட்டியை முதல் நாளே தண்டவாளத்தில் வைத்தோம். வைத்த மாத்திரத்தில் இன்ஜின் நின்றது, விளக்குகளும் அணைந்தன. மெர்க்லின் தன் மின்சாரத்தை நடுவில் உள்ள மூன்றாவது தொடர்பிலிருந்து எடுக்கும் முறையைக் கையாள்வதால், அதன் பெட்டிகளில் இரு பக்கச் சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் மின் தடுப்பின்றிக் கோக்கப்பட்டிருக்கும். எங்கள் இரு தண்டவாளப் பாதையில் அது இரண்டையும் இணைத்துவிட்டது. மாமா உயிரோடு இருந்து, அலமாரியைத் திறந்து கொடுத்திருந்தாலும், நாங்கள் அன்று அதை இப்படித்தான் வைத்து, இப்படித்தான் ஏமாந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவே பிளாஸ்டிக் தடுப்புக் கொண்ட சக்கர அச்சுகள் இரண்டைத் தேடிப் பிடிக்க ஏழு மாதங்கள் ஆயின. சென்ற ரமளானுக்கு முந்தைய வியாழக்கிழமை அவை தபாலில் வந்தன. பேரன் பழைய அச்சுகளைக் கழற்றி, ஒரு சிறு டப்பாவில் போட்டு, மேலே மாமாவின் பெயரை எழுதி வைத்தான். தொண்ணூறைத் தொட்டுவிட்ட மாமியை நாற்காலியில் அமர்த்தி மாடிக்குத் தூக்கி வந்தோம். அந்தப் பெட்டி, ஐந்து வண்டிகளின் கடைசியில், சற்றே கிறீச்சிட்டபடி பாலத்தைக் கடந்து இரண்டு முறை சுற்றி வந்தது. மாமி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது ஓடுமா?" என்றார்கள்.